ஒரே டேக்

விதி எண் நான்கு:
பதிவு ஒரே மூச்சில் இருக்க வேண்டும்.
வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது.
கைகள், முகம், பெடல் மிதிக்கும் கால்
மூன்றும் ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டும்.
நாற்பது நிமிடம்.
இரண்டு நிமிடம் முன்பின் போனால் மன்னிப்பு உண்டு.
காற்றைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

பாம்பன் தெற்குவாடி ஐஸ் கம்பெனியில்
கணக்கு எழுதுகிறேன்.
எந்தப் படகுக்கு எத்தனை பார், யார் பாக்கி.
சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் வேறு பார்கள்.
இரண்டையும் உதடசைத்துத்தான் எண்ணுவேன்.

தூத்துக்குடியிலிருந்து வந்த ட்யூனர்
பியானோ மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு
"இதுக்குள்ள உப்பளமே போடலாம், டீச்சர்" என்றார்.
நான் டீச்சர் இல்லை.
டிப்ளமா வந்தால் ஆகலாம்.
வராவிட்டாலும் பார் எண்ணலாம்.

ஏப்ரல் பாதியில் தடைக்காலம்.
அறுபத்தொரு நாள் படகு இறங்காது.
ஐஸ் அரைக்கும் மெஷின் நின்றது,
கூடவே என் பாதிச் சம்பளமும்.
கட்டணம் பவுண்டில்;
குவைத் மச்சானின் கார்டில் கட்டினோம்.
ஊரே வட்டிக்கு வாங்கிய மாதத்தில்
எனக்கு மட்டும் அமைதி வாய்த்தது.
பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை.

நிகழ்ச்சிக் குறிப்பு ஆயிரம் சொல், ஆங்கிலத்தில்.
மெதுவான பகுதிக்கு
கச்சான் விழுந்து வாடை இன்னும் எழும்பாத
அந்த நாலைந்து நாளைச் சொல்ல நினைத்தேன்.
அகராதி ஒற்றைச் சொல்லை நீட்டியது.
வாங்கி எழுதிவிட்டேன்.

பக்கம் திருப்ப சந்தியாகு வந்தான்.
ஐஸ் மெஷினில் பார் தள்ளுகிறவன்,
தடைக்காலத்தில் கை சும்மா இருந்தது.
நோட்டு படிக்கத் தெரியாது.
நான் தலையசைத்தால் திருப்புவான்.
"முடிஞ்சுட்டுன்னு எப்புடித் தெரியும்?"
"கையை மடியில வைப்பேன்."

ரயில் ஒரு டேக்கைக் கொண்டுபோனது.
இன்னொன்றில், படகு பழுதுபார்க்கும் சுத்தியல்
என் இடது கையோடு மல்லுக்கு நின்றது.
மிக நன்றாக வந்த டேக்கில்
முப்பத்தொன்றாம் நிமிடம் போனில் இடம் தீர்ந்தது.
அன்றைக்கு இரண்டு பேரும்
ஒன்றும் பேசாமல் பரோட்டா தின்றோம்.

கடைசியாக ஒரு ராத்திரி, இரண்டு மணி.
ஃபேனை நிறுத்தியாயிற்று.
வேர்வை முழங்கையில் இறங்கிச் சொட்டியது.
கேமராவைப் பார்த்து வணங்கி உட்கார்ந்தேன்.
ஆளில்லாத இடத்துக்கு எப்படி வணங்குவது என்று
விதிகளில் தேடியிருக்கிறேன்.

பதினேழாம் பக்கத்தில் தலையசைத்தேன்.
ஈரத்தில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டன.
சந்தியாகு விரலை நாக்கில் தொட்டான்,
பிரித்தான், பிரியவில்லை.
அந்த இடம் எனக்கு மனப்பாடம்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன்.
ஆனாலும் நின்றேன்.
தாள் பிரிந்த சத்தம் கேட்டபிறகுதான்
அடுத்த சுரத்தை வைத்தேன்.
ஏன் என்று அன்றைக்கும் தெரியாது.

ஆகஸ்டில் முடிவு வந்தது.
அறுபது எடுத்தால் தேர்ச்சி. எனக்கு அறுபத்து மூன்று.
கீழே தேர்வாளரின் குறிப்பு:
பெடல் பயன்பாடு தேர்ந்தது.
பதினேழாம் பக்கத்தில் ஒரு தயக்கம்;
அதன்பின் வாசிப்பு
வேறொரு நிதானத்துக்கு வருகிறது.
காரணம் தெளிவாக இல்லை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
காதருகே கத்தி, தமிழாக்கிச் சொன்னேன்.
சந்தியாகு கொக்கியைப் பிடித்தபடியே கேட்டான்:
"அது என்னாலயா?"

"இல்ல" என்றேன்.
அதைப் பனிக்கட்டி அரைபடும் சத்தம் தின்றுவிட்டது.

"என்னா?"

"ஜெசிந்தா போட்டுக்கு" என்று கத்தினேன்,
"முப்பது பார்."